கணுக்கால் அளவுத் தண்ணீர்

போன மாதம் என் பழைய சர்வீஸ் சென்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு வாரண்டி மேசைக்கு வந்த நிஷா அனுப்பியிருந்தாள். இனிமேல் பாரம், அதாவது வாரண்டிப் படிவம், எழுத வேண்டியதில்லையாம். டேப்லெட்டில் ஒரு பட்டியல் வரும், பழுதுக்கான காரணத்தைத் தொட்டால் போதுமாம். தேய்மானம், தயாரிப்புக் குறை, விபத்து, வெள்ளம் என்று வரிசையாக இருந்தது. "ரொம்ப ஈசிக்கா, ஒரே தட்டு" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் அந்த 'வெள்ளம்' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது.

"என்னா, போனப் போயி முறைச்சிக்கிட்டு இருக்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒன்னுமில்ல. சரோஜா அக்கா ஞாபகம் வந்துருச்சு."

"அந்த இட்லிக்காரம்மாவா? போச்சு, இன்னிக்குச் சமையல் இல்ல."

அவர் சொன்னது சரிதான், அன்றைக்குச் சமைக்கவில்லை. நிஷாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது வாட்ஸ்அப்பில் அடங்குகிற விஷயமாக இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மலேசியாவில் பெக்கான் நானாஸ். அப்பா அன்னாசி ஆலைக்கு லாரி ஓட்டினார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தட்டச்சு பழகி, ஜொகூர் பாருவில் கார் நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் சென்டரில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வாரண்டி வேலை பார்த்த பெண்ணுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், "தனம், இனிமே நீ பாரு" என்று அந்த மேசையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். கியர்பாக்ஸ் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. மெக்கானிக்குகளிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன், திருப்பித் திட்டவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் நான் சாதுவாக இருந்தேன் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

வேலை இதுதான். வாரண்டிக் காலத்துக்குள் கார் கெட்டுப்போனால் மெக்கானிக் பிரித்துப் பார்த்து ஜாப் கார்டில் எழுதுவார். அதை வைத்து நான் பாரம் நிரப்புவேன். பாரத்தில் மூன்று கட்டங்கள்: வாடிக்கையாளர் என்ன சொன்னார், நாங்கள் என்ன கண்டோம், என்ன செய்யப் போகிறோம். படங்களைச் சேர்த்துக் கோலாலம்பூரில் உள்ள தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் செலவு அவர்களுடையது, மறுத்தால் வாடிக்கையாளர் தலையில். பழுதான பாகங்களுக்கு அட்டை கட்டி, பின்னால் கம்பி வலை போட்ட அறையில் பூட்டி வைப்போம். தலைமையகத்து ஆட்கள் காரையும் பார்ப்பதில்லை, கார்க்காரரையும் பார்ப்பதில்லை. என் மூன்று கட்டங்களைத்தான் பார்ப்பார்கள்.

அதனால்தான் எங்கள் சர்வீஸ் மேனேஜர் மிஸ்டர் தியோ கையில் ஒரு ரூலர் இருந்தது. பள்ளிக்கூடத்து ஒரு அடி மர ரூலர், ஓரமெல்லாம் தேய்ந்தது. நான் எழுதிய பாரத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரிக்குக் கீழும் ரூலரை வைத்து, வாய்விட்டுப் படிப்பார். ஒரு வரி முடிந்ததும் மலாயில் கேட்பார்: "சியாப்பா தெங்கோக்?" யார் பார்த்தது?

மெக்கானிக் பார்த்தார் என்றால் அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவார். வாடிக்கையாளர் சொன்னார் என்றால், என்ன வார்த்தை சொன்னார் என்பார். யாரும் பார்க்கவில்லை, ஊகம்தான் என்றால், அந்த வரியை அடித்துவிட்டு ரூலரை அடுத்த வரிக்கு இறக்குவார். குரல் ஏறாது, முகமும் மாறாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரு பாரத்துக்கு அரை மணி நேரம் என்றால் எந்த மனுஷிக்குப் பொறுமை இருக்கும்? 'ரூலர் மாமா' என்று அவருக்குப் பெயர் வைத்தவளே நான்தான்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். கோரிக்கை மறுக்கப்பட்டால், பாரம் எழுதியவரே கவுண்டருக்கு வெளியே வந்து, நின்றுகொண்டு, வாடிக்கையாளரிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது, வேறு ஆளை அனுப்பவும் கூடாது. அந்த வழக்கத்தைச் சபிக்காத வாரம் இல்லை.

சரோஜா அக்கா மாசாயில் இருந்து வருவார். கணவர் இறந்த பிறகு, பாசீர் கூடாங் பக்கம் மூன்று தொழிற்சாலைக் கேன்டீன்களுக்குக் காலைப் பசியாறல் போட்டுக்கொண்டிருந்தார். இட்லி, நாசி லெமாக், வடை. பின்சீட்டை மடக்கிப் போட்டு, அதில் அலுமினியப் பானைகள் ஏறும். கார் சர்வீசுக்கு வந்தால் ஒர்க்‌ஷாப் முழுக்கச் சாம்பார் வாசம் வீசும். வரும்போதெல்லாம் மெக்கானிக் மணியத்துக்கு ஒரு டப்பா வடை கொண்டுவருவார்.

அந்த வருடம் சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய கார் இழுவை லாரியில் வந்து இறங்கியது. மிதித்தால் இஞ்சின் கத்துகிறது, கார் நகரவில்லை. வாங்கி நாலு வருடம்தான் ஆகியிருந்தது, வாரண்டி ஐந்து வருடம். மணியம் கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கினார். சிவப்பாக வர வேண்டிய எண்ணெய் ரோஸ் நிறத்தில், பால் கலந்து வந்தது.

"அலமாக்! தனம் அக்கா, இங்க வந்து பாருங்க. சிராப் பாண்டோங் மாரி இருக்கு."

உண்மையிலேயே கடையில் பனிக்கட்டி போட்டுத் தரும் ரோஸ் பால் பாண்டோங் மாதிரியே இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்தால்தான் அப்படி ஆகும். நான் கவுண்டருக்குப் போய் சரோஜா அக்காவிடம் கேட்டேன்.

"தண்ணியில ஏதும் ஓட்டுனீங்களாக்கா?"

"ஆமாம்மா. இப்ப மழ காலம்தானே. எங்க தாமான் வீடுங்க முன்னுக்கு நிக்கும். கணுக்கால் வரைக்கும் இருக்கும்."

வெளியே பட்டாசுச் சத்தம். பாதிப் பேர் விடுமுறையில் போய்விட்டார்கள். மிஸ்டர் தியோவும் பத்து நாள் விடுப்பில் லாயாங் லாயாங்கில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். ரூலர் இல்லாத நிம்மதியில் பதினைந்தே நிமிடத்தில் பாரத்தை முடித்தேன். முதல் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'வெள்ளத்தில் காரை ஓட்டியதை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார்.' கச்சிதமாக எழுதிவிட்டதாக எனக்குப் பெருமை வேறு.

விடுமுறை முடிந்ததும் பதில் வந்தது. வெள்ளச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது, நிராகரிக்கப்படுகிறது.

வழக்கப்படி வெளியே வந்து நின்று சொன்னேன். சரோஜா அக்கா கையில் வடை டப்பாவோடு நின்றிருந்தார்.

"வெள்ளமா? நான் எப்பம்மா வெள்ளத்துல ஓட்டுனேன்?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க, தண்ணி இருந்துச்சுன்னு."

"கணுக்கால் வரைக்கும்னு சொன்னேன். அது வெள்ளமா? பிள்ளைங்க செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்து போற தண்ணிம்மா."

"கம்பெனி ரூல்ஸ் அப்படித்தான்கா. நான் என்னா செய்ய முடியும்?"

என் முகத்தையே பார்த்தார். "கேன்டீன் நடத்துற தவ்கேங்க மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்போம்னு சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுக் காரை எத்தன நாளைக்கும்மா கேக்குறது? மூனு கேன்டீனும் போச்சுன்னா நான் எதுல நிப்பேன்?" பிறகு மெதுவாகக் கேட்டார்: "தண்ணியே இல்லன்னு ஒரு பொய்ய சொல்லியிருந்தா, செஞ்சு குடுத்துருப்பீங்களா?"

"இங்க வந்து சத்தம் போட்டா ஒன்னும் ஆகப்போறது இல்லக்கா!" என்றேன்.

அவர் சத்தமே போடவில்லை. சத்தம் போட்டது நான். கவுண்டரில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வடை டப்பாவைக் கவுண்டரில் வைத்தார். "மணிகிட்ட குடுத்துருங்க. சூடா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார். அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது எனக்கு வெட்கமாக இருந்தது. யார் மேல் கோபம் என்றே தெரியாமல் அன்றைக்கு எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மிஸ்டர் தியோ வேலைக்குத் திரும்பினார். தான் இல்லாதபோது போன பாரங்களின் நகல்களைக் கேட்டார். சரோஜா அக்காவின் பாரம் வந்ததும் முதல் வரிக்குக் கீழே ரூலரை வைத்தார்.

"சியாப்பா தெங்கோக்?"

"அவங்களே சொன்னாங்க, பாஸ்."

"வெள்ளம்னு சொன்னாங்களா?"

"இல்ல. கணுக்கால் வரைக்கும் தண்ணின்னு சொன்னாங்க."

குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தார். ரூலரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கார் நிறுத்துமிடத்தில் அதே மாடல் கார் ஒன்று நின்றது. பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸுக்குள் காற்று போய்வரும் சின்னக் குழாயைக் காட்டினார். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போக வேண்டுமென்றால் அதன் வாய் வழியாகத்தான் போக வேண்டும். ரூலரை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். சேலையைச் செருகிக்கொண்டு தரையில் குந்தினேன். ரூலரைத் தரையில் நிறுத்தி, அதன் மேல் முனையில் விரல் வைத்து, அங்கிருந்து மறுபடியும் ஏற்றினேன். இரண்டு ரூலர் உயரத்துக்கு மேலே இருந்தது அந்தக் குழாய். கணுக்கால் முதல் ரூலரில் பாதிகூட வரவில்லை.

"இப்ப சொல்லு. தண்ணி எப்படி ஏறுச்சு?" என்றார்.

மணியத்தைக் கூப்பிட்டோம். அவர் தலையைச் சொறிந்தார். "ரேடியேட்டரா இருக்கலாம் பாஸ்," என்றார். கியர்பாக்ஸ் எண்ணெய் ரேடியேட்டருக்குள் ஓடும் ஒரு குழாய் வழியாகப் போய்த்தான் குளிர்ந்து வரும். அந்தக் குழாய் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டால் ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். அப்படியானால் அது தயாரிப்புக் குறை, வாரண்டியில் செய்து தர வேண்டியது.

மேல்முறையீடு எழுதினோம். மூன்றே நாளில் பதில் வந்தது. ரேடியேட்டர் உள்ளே ஒழுகியிருந்தால் அதில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்திருக்குமே, கடைசி மூன்று சர்வீஸ் கார்டுகளிலும் ரேடியேட்டர் தண்ணீர் 'சரி' என்று டிக் அடித்திருக்கிறதே, பதிவு இல்லாமல் ஆய்வாளரை அனுப்ப முடியாது என்று எழுதியிருந்தார்கள். மூன்று கார்டுகளிலும் கையெழுத்து மணியத்துடையது.

தேநீர் நேரத்தில் அவரைப் பிடித்தேன்.

"மணி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அந்தக் காருல தண்ணி கொறையவே இல்லியா?"

ரொட்டியைத் தேநீரில் முக்கிக்கொண்டே இருந்தார். ரொட்டி உடைந்து உள்ளே விழுந்தது.

"கொறைஞ்சுச்சுக்கா. மூனு தடவையும் கொறைஞ்சுச்சு. நான்தான் ஊத்துனேன்."

"அப்புறம் எதுக்குடா சரின்னு டிக் அடிச்ச?"

"ஊத்துனப்புறம் சரியாத்தானே இருந்துச்சு? நம்ம அக்காதானே, வட கொண்டாந்து குடுக்குறாங்க, இதுக்குப் போயி பில் போடணுமான்னு விட்டுட்டேன். கார்டுல எழுதுனா ஸ்டோர்ல கணக்குக் கேப்பான்ல?"

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. தெரிந்தவர் கார் என்றால் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், ஒரு பல்பு என்று சும்மா போட்டுக் கொடுப்போம். சும்மா கொடுத்ததைக் கார்டில் எழுதுவதில்லை. எழுதினால் காசு வாங்க வேண்டுமே! அதை ஒரு தப்பு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை, நான் உட்பட. ஆனால் எழுதியிருந்தால், இரண்டாம் தடவை குறைந்தபோதே ரேடியேட்டரைச் சோதித்துப் பார் என்று விதிமுறை இருக்கிறது. அப்போதே விரிசல் தெரிந்திருக்கும். கியர்பாக்ஸ் தப்பித்திருக்கும்.

மணியத்துக்கும் அது அந்த நிமிடம்தான் உறைத்தது.

"அப்ப நான்தான் அக்காவோட காரக் கெடுத்தேனா?"

"நீ பாதி, நான் பாதி," என்றேன். "நான் எழுதுன வரியாலதான் அவங்களுக்கு இல்லன்னு சொன்னாங்க. இப்ப நடந்தத எழுதிக் குடுப்போம்."

"எழுதுனா எனக்கு வார்னிங் லெட்டர் வரும்கா. போர்மன் போஸ்ட்டுக்கு இந்த மாசம்தான் பேர் குடுத்துருக்காங்க. வீட்டுல வேற சொல்லிட்டேன்."

என் வாயில் வசவு எதுவும் வரவில்லை. அவர் சொன்னது நிஜம். இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வருட வேலை. "யோசிச்சு சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குப் போய், என் பங்குக் கடிதத்தை எழுத ஆரம்பித்தேன். நாலு தடவை கிழித்துப் போட்டேன். மாலை ஐந்து மணிக்கு மணியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இங்கிலீஸ்ல நீங்க எழுதுங்கக்கா. நான் சொல்றேன். நான் சொல்ற மாரியே எழுதணும்."

இரண்டு கடிதங்களையும் மிஸ்டர் தியோவிடம் கொண்டுபோனோம். ரூலரை வைத்துப் படித்தார். 'மூன்று முறையும் தண்ணீர் குறைந்திருந்தது' என்ற வரியில் ரூலர் நின்றது.

"சியாப்பா தெங்கோக்?"

"நான்தான், பாஸ்," என்றார் மணியம்.

மிஸ்டர் தியோ இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் எழுதி, அதையும் ரூலர் வைத்துப் படித்துக் காட்டிவிட்டு நீட்டினார். பாவி மனுஷன், அன்றைக்கே கொடுக்க வேண்டுமா? ஆனால் வெளியே வரும்போது மணியத்தின் தோளில் ஒரு தட்டு தட்டினார். அவர் யாரையும் தொட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த வாரம் ஆய்வாளர் வந்தார். மலாய்க்காரர், கறாரான மனிதர், காப்பிகூட வேண்டாம் என்றுவிட்டார். சரோஜா அக்காவையும் வரச் சொல்லியிருந்தோம். மணியம் ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர் நிரப்பி நிறுத்தினார். எண்ணெய்க் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்றை ஏற்றினார். குழாய் நன்றாக இருந்தால் தண்ணீர் அசையக் கூடாது. எல்லோரும் ரேடியேட்டரின் வாயைக் குனிந்து பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. இன்னொன்று. அப்புறம் சோறு கொதிப்பதுபோல் விடாமல் வந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சுக்கா!" என்று மணியம் கத்தினார்.

ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் கோப்பைப் புரட்டி, என் பழைய பாரத்தைக் காட்டி, மலாயில் சொன்னார்: "ரேடியேட்டர் ஒழுகுவது சரி. ஆனால் வெள்ளத்தில் ஓட்டியதாக இவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே. அந்தத் தண்ணீரும் போயிருக்கலாம். நான் எப்படி ஒப்புதல் தருவது?"

சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். இருபத்தைந்து வருடமாக அந்த மேசையில் இருந்தவள் நான். என் பாரத்தில் தப்பு இருக்காது என்று தலைமையகத்தில் பெயர் வாங்கியவள். கடிதத்தில் எழுதிவிட்டேன்தான். ஆனால் ஆட்கள் சுற்றி நிற்க, வாயால் சொல்வது வேறாக இருந்தது.

"என்சிக், அவர் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை," என்று மலாயில் சொன்னேன். "கணுக்கால் அளவுத் தண்ணீர் என்றுதான் சொன்னார். வெள்ளம் என்பது என் வார்த்தை. அவசரத்தில் நானாக எழுதினேன். அவர் சொன்னது உண்மை, நான் எழுதியது பொய்."

சொல்லி முடித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. மிஸ்டர் தியோ ரூலரை நீட்ட, ஆய்வாளர் அதை வாங்கி, வெளியே நின்ற அதே மாடல் கார் ஒன்றின் பக்கத்தில் போய், தானே குனிந்து அளந்தார். திரும்பி வந்து கோப்பில் என் வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். கியர்பாக்ஸ், ரேடியேட்டர் இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்தது.

பாகங்கள் வந்து கார் தயாராவதற்குள் மாதக் கடைசி தாண்டிவிட்டது. இரண்டு கேன்டீன்கள் காத்திருந்தன, ஒன்று வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. மணியம் போர்மன் ஆக இன்னும் ஒரு வருடம் பிடித்தது. சரோஜா அக்கா காரை எடுக்க வந்த அன்று மணியம் அவரிடம் போய் நின்று, "என்னாலதான்கா இவ்ளோவும்," என்றார். அக்கா வடை டப்பாவை நீட்டினார். "வட வேணும்னா சாப்புடு. ஆனா இனிமே எதையும் எழுதிட்டு ஊத்து. காசு நான் குடுக்குறேன்," என்றார். என்னிடம் அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, அடைமழைக் காலத்தில், சரோஜா அக்கா வேறொரு புதுக் காரோடு வந்தார். பிரேக் பிடித்தால் சத்தம் வருகிறதாம். கவுண்டரில் ஆள் இல்லாததால் நானே ஜாப் கார்டை எடுத்தேன். மழைக் காலத்தில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

"தண்ணியில ஓட்டுனீங்களாக்கா?"

கேட்டுவிட்டு நான் தலை நிமிரவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

"ஓட்டுனேம்மா. இந்தத் தடவ முட்டி வரைக்கும் வந்துருச்சு. நான் கெளம்புறப்ப கொஞ்சம் வடிஞ்சிருச்சு, டயர்ல பாதிக்கு நின்னுச்சு. மெதுவாத்தான் ஓட்டுனேன்."

எழுதினேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்கா."

"படிங்க, கேப்போம்."

நாற்காலியை விட்டு எழுந்து, கவுண்டருக்கு வெளியே வந்து நின்றேன். முட்டி வரை வந்தது, கொஞ்சம் வடிந்தது, டயரில் பாதி, மெதுவாக ஓட்டினேன் என்று அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் படித்தேன். தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"ஆங், அதான் நான் சொன்னது," என்று பேனாவை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டார்.